நூறு முட்டை, இரண்டு வண்ணத்துப்பூச்சி

கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்கள் எல்லாரிடமும் இந்தப் புகார் உண்டு. நேற்றுவரை கொழுந்தில் நாலைந்து புழு இருந்தது, இன்று பார்த்தால் ஒன்றையும் காணோம். பழி வழக்கமாக ஓணான் மீதோ காக்கை மீதோ விழும். ஓணான் தின்றிருக்கலாம்தான், அது ஒன்றும் சாது இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற ஆட்கள் செய்யும் கொலையைவிடக் கண்ணுக்குத் தெரியாதவர்கள் செய்வது பல மடங்கு அதிகம். அதுவும் புழு புழுவாவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் வீட்டுச் செடிக்கு வருவது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி. ஒரு பெண் பூச்சி நூறு முட்டை இடுவதாக வைத்துக்கொள்வோம். ஊரில் அந்த இனம் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டுமானால், நூறில் இரண்டு மட்டும் வளர்ந்து இணை சேர்ந்தால் போதும். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்ற ஈடு. இரண்டுக்குப் பதில் மூன்று தப்பித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறையும் ஒன்றரை மடங்காகும். பத்தே தலைமுறையில் 57 மடங்கு. முட்டையிலிருந்து மீண்டும் முட்டைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதமே எடுத்துக்கொள்ளும் பூச்சி இது, அதனால் ஓராண்டுக்குள் ரசத்துக்குத் தாளிக்க ஊரில் கறிவேப்பிலை மிஞ்சாது. நூறில் தொண்ணூற்றெட்டு போவதுதான் சராசரி நிலைமை. யார் எடுத்துப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தாய்ப்பூச்சி முட்டைகளை ஓரிடத்தில் குவித்து வைப்பதில்லை. ஒரு கொழுந்தில் ஒன்று, அடுத்த கிளையில் ஒன்று என்று தனித்தனியாக ஒட்டிவிட்டுப் பறக்கும். ஒரு முட்டையைக் கண்டுபிடித்த எதிரிக்கு மற்றவையும் சேர்ந்து கிடைத்துவிடக் கூடாது. இளமஞ்சளில், மொழுமொழுவென்று, குண்டூசித் தலை அளவுக்கு இருக்கும் அந்த முட்டையைத் தேடி வருவது அதைவிடச் சிறிய ஒரு குளவி. டிரைக்கோகிரம்மா என்ற அந்தக் குளவி இனத்தின் நீளம் அரை மில்லிமீட்டர் சுமார். முட்டை மேல் ஏறி நடந்து, உணர்கொம்பால் தட்டித் தட்டி அளந்து பார்த்து, துளையிட்டு, உள்ளே தன் முட்டையை வைத்துவிடும். பிறகு அந்த முட்டையிலிருந்து புழு வருவதில்லை, குளவிகள்தான் வரும். ஒட்டுண்ணி ஏறிய முட்டை முழுக்கக் கறுத்துவிடும்.

கரும்பு விவசாயிகளுக்கு இந்தக் குளவி பழைய பழக்கம். டிரைக்கோகிரம்மா அட்டை என்று கேட்டால் வேளாண்மைத் துறையில் கொடுப்பார்கள். நெல் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அவற்றில் குளவியை முட்டையிட வைத்துத் தயாரிப்பது அது. அட்டையைக் கரும்புத் தோகையில் கட்டிவிட்டால் குளவிகள் வெளிவந்து, இடைக்கணுப் புழுவின் முட்டைகளைத் தேடிப் போகும். வயலில் நாம் காசு கொடுத்து விடுகிற ஆளை, வீட்டுத் தோட்டம் சும்மாவே வைத்திருக்கிறது.

முட்டையில் தப்பியது மூன்று முதல் ஐந்து நாளில் புழுவாகி வெளியே வரும். முதல் சாப்பாடு முட்டை ஓடு. அடுத்த சில நாட்களுக்கு அது அச்சு அசல் பறவை எச்சம்: கறுப்பும் பழுப்பும், நடுவில் வெள்ளைத் திட்டு, மேலே ஈரப் பளபளப்பு. பகலில் இலையின் மேல்பக்கமே அசையாமல் கிடக்கும். ஒளிந்துகொள்ள அதற்கு அவசியமே இல்லை. தன் எச்சத்தைத் தானே தின்னப் பறவை வராது. பார்த்து வேட்டையாடும் எதிரிக்கு இந்த வேஷம் எடுபடும்.

எறும்பிடம் எடுபடாது. எறும்பு பார்த்து வருவதில்லை, தொட்டும் முகர்ந்தும் வருகிறது. கறிவேப்பிலைக் கொழுந்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால், அவை கசியும் தேன்பாகைக் குடிக்க எறும்புகள் காலை முதல் மாலை வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வழியில் பொரித்த புழு அகப்பட்டால் தூக்கிக்கொண்டு போய்விடும். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு இதில் பெரிய ஆள். கி.பி. 304-இல் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல், ஆரஞ்சுத் தோட்டத்துக்காக இந்த எறும்பின் கூடுகளைப் பைகளில் கட்டிச் சந்தையில் விற்றதைக் குறிப்பிடுகிறது. உயிரிகளைக் கொண்டு பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுதான் என்பார்கள்.

எறும்புக்குப் புழுவிடம் வேறு மருந்து இருக்கிறது. ஈர்க்குச்சியால் புழுவின் முதுகை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த, இரண்டாகப் பிளந்த ஒரு கொம்பு பிதுங்கி வெளியே வரும், கூடவே ஒரு வாடை. தலையைத் திருப்பி, தொட்ட இடத்தில் அதைத் தேய்க்கப் பார்க்கும். ஆபத்து போனதும் கொம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். அழகி இனப் புழுக்களின் இந்தச் சுரப்பில் என்ன இருக்கிறது என்று 1965-இல் தாமஸ் ஐஸ்னரும் இவோன் மைன்வால்டும் பிரித்துப் பார்த்தார்கள். ஐசோபியூட்டிரிக் அமிலமும் அதற்கு நெருங்கிய இன்னோர் அமிலமும் இருந்தன. ஊசிப்போன வெண்ணெயின் வாடைக்குக் காரணமான அமிலக் குடும்பம் அது. எறும்பு இதைத் தாங்காமல் பின்வாங்கும். பறவையும் பெரிய குளவியும் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

இதற்குள் ஓர் உபகதை. அழகியின் புழு மேயும் எலுமிச்சைச் செடியில் எலுமிச்சை நீலன் என்ற குட்டி வண்ணத்துப்பூச்சியின் புழுவும் மேயும். அது எறும்போடு சண்டைக்கே போவதில்லை. முதுகில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து இனிப்புத் துளி கசியவிடும். எறும்பு அதைக் குடித்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கும். குளவியோ சிலந்தியோ நெருங்கினால் எறும்பு கடிக்கப் போகும். ஒரே செடியில் ஒரு புழு எறும்பை விரட்டுகிறது, இன்னொன்று அதே எறும்புக்குக் கூலி கொடுத்துக் காவலுக்கு வைத்திருக்கிறது.

நான்காவது தோலுரிப்புக்குப் பிறகு புழு பச்சையாகிவிடும், தலைப்பக்கம் பொய்க்கண்கள் தோன்றும். விரல் நீளத்தை நெருங்கும் அளவுக்குக் கொழுத்த புழு எச்சம் என்று யாரையும் ஏமாற்ற முடியாது, அதனால் வேஷத்தை மாற்றிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில்தான் தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, செம்போத்து, ஓணான் எல்லாம் கணக்கில் சேர்கின்றன. ஊசி வாயால் குத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டுத் தோலை மட்டும் தொங்கவிடும் வேட்டை நாவாய்ப்பூச்சிகளும் உண்டு. முருங்கையில் அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியைத் தொட மற்றப் பறவைகள் தயங்கும்போது, அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் விருந்தாகத் தின்னும். மயிர் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை. முருங்கையில் பந்தம் கொளுத்துமுன் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

ஆனால் பெரிய புழுவுக்கு உண்மையான எமன் குளவிதான். இரண்டு விதமாக வரும். ஜன்னல் சட்டத்திலும் கூரை ஓரத்திலும் காகிதம் போன்ற சாம்பல் நிறக் கூடு கட்டிக் கூட்டமாக வாழும் குளவி ஒன்று. அது புழுவைக் கடித்துக் குடலை நீக்கி, மென்று உருட்டி, கூட்டிலுள்ள தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. தீபகற்ப இந்தியாவில் சர்வசாதாரணமாகக் காணப்படும் ரோபாலிடியா மார்ஜினேட்டா இந்த வகை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு குளவியின் சமூக வாழ்க்கையை ஆராய்வதில் செலவிட்டிருக்கிறார்.

இன்னொன்று தனியாக வரும் மண்குளவி. கதவு மூலையிலும் மின்பெட்டியிலும் சின்ன மண்கலயம் கட்டுமே, அது. அது புழுவைக் கொட்டி உள்ளே அடைத்து வாயை மூடிவிட்டுப் போகும். சில நாள் கழித்துக் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளியே வரும். புழு போனது, குளவி வந்தது. பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். குளவி கொட்டிக் கொட்டிப் புழுவைத் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது என்பது நம்மூரில் இன்றும் நிலைத்திருக்கும் நம்பிக்கை. குருவின் அருளால் சீடன் குருவாகவே ஆவதற்கு இதை உவமை சொல்லாத உபன்னியாசகர் குறைவு.

கலயத்துக்குள் நடப்பது வேறு. குளவி முதலில் வெறுங்கலயத்தின் கூரையிலிருந்து ஒரு மெல்லிய நூலில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. அதன் பிறகுதான் புழுக்களைக் கொண்டுவந்து அடுக்குகிறது. கொட்டப்பட்ட புழு சாவதில்லை, மரத்துப்போய்க் கிடக்கும். செத்தால் அழுகிவிடும், குஞ்சுக்கு ஆகாது. ஆனால் முழுசாகவும் மரத்துப்போவதில்லை. துள்ளினால் அடியில் கிடக்கும் முட்டை நசுங்கும். அதனால்தான் அந்தரத்தில் நூல். பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாபர் கலயத்தின் பக்கச் சுவரைக் கத்தியால் நுணுக்கமாகத் திறந்து இந்த ஏற்பாட்டைப் பார்த்து எழுதிவைத்தார். பொரித்த குஞ்சு நூலில் தொங்கியபடியே தலையை நீட்டிக் கீழே கிடக்கும் புழுவைத் தின்கிறது. கீழே புழு நெளிந்தால் மேலே ஒதுங்கிக்கொள்கிறது. உவமையைக் கைவிடச் சொல்லவில்லை. சீடன் குருவாக மாறவில்லை, குருவின் பிள்ளைக்குச் சாப்பாடாகிவிட்டான் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளலாம். எல்லா மண்கூட்டிலும் புழு இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில இனங்கள் சிலந்தியை மட்டுமே அடைக்கும்.

வெளியிலிருந்து வரும் கொலைகாரர்களை இத்தோடு விட்டுவிடலாம். உள்ளே உட்கார்ந்து தின்பவர்கள் இன்னும் பயங்கரம். பிராக்கோனிட் என்ற குடும்பத்துக் குளவிகள் இளம்புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகின்றன. புழுவுக்கும் நோய் எதிர்ப்பு உண்டு. வெளிப்பொருள் உள்ளே வந்தால் ரத்த அணுக்கள் சூழ்ந்து மூச்சடைத்துக் கொன்றுவிடும். குளவி அதற்கும் வழி வைத்திருக்கிறது. முட்டையோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் ஏற்றுகிறது. அவை புழுவின் அணுக்களுக்குள் போய் எதிர்ப்பை முடக்குகின்றன. இந்த வைரஸ் குளவிக்கு வந்த நோய் இல்லை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியின் மரபணுத் தொகுப்பில் சேர்ந்துவிட்ட வைரஸ் அது, இன்று குளவியின் சினைப்பையில் மட்டுமே உற்பத்தியாகிறது. குளவிக்குச் சொந்தமான ஆயுதம் என்றே சொல்லலாம்.

புழு வழக்கம்போலத் தின்று வளரும், உள்ளே குளவிக் குஞ்சுகளும் வளரும். ஒருநாள் அவை தோலைத் துளைத்து வெளியே வந்து, புழுவின் மேலோ பக்கத்திலோ அரிசிமணி போல வெள்ளைக் கூடுகளைப் பின்னிக்கொள்ளும். புழு முட்டையிட்டிருக்கிறது என்று நினைத்து இதைப் படம் பிடிப்பவர்கள் நிறைய. புழு முட்டையிடாது. அந்த வெள்ளை மணிகள் ஒவ்வொன்றும் ஒரு குளவி.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எருக்கம்பாலின் நஞ்சு உடம்பெல்லாம் ஊறியிருக்கும். பறவைக்கு எதிராக அது நல்ல கவசம். ஆனால் டாக்கினிட் ஈக்கு அந்த நஞ்சு தடையாக இருப்பதில்லை. வீட்டு ஈயைப் போலவே தோற்றம், உடம்பில் மட்டும் முள்முள்ளாக மயிர். அழகான பச்சைக் கூட்டுப்புழு நாளடைவில் பழுப்பேறி, ஒரு காலையில் அதிலிருந்து பசைநூல் ஒன்று தரையை நோக்கித் தொங்கும். உள்ளே தின்று வளர்ந்த ஈப்புழுக்கள் அந்த நூல் வழியாக இறங்கி மண்ணுக்குள் போயிருக்கும்.

கூட்டுப்புழுவுக்கென்றே பொறுமையாகக் காத்திருக்கும் குளவி ஒன்று உண்டு. டெரோமாலஸ் பூபாரம், மூன்று மில்லிமீட்டர் நீளம், பச்சை உலோக மினுக்கம். கூட்டுப்புழுவின் ஓடு இறுகிவிட்டால் அதன் ஊசி இறங்குவது கடினம். அதனால் புழு தின்பதை நிறுத்தி, குச்சியில் இடுப்பு நூலைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கடைசித் தோல் கழன்று ஓடு இன்னும் மெத்தென்று இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஏறி முட்டையிடும். ஒரே கூட்டிலிருந்து நூறுக்கு மேல் குளவிகள் வருவதுண்டு. அடையாளம் எளிது. வண்ணத்துப்பூச்சி வெளிவந்த கூடு தலைப்பக்கம் வெடித்துப் பிளந்திருக்கும், குளவி வெளிவந்ததில் உருண்டையான சிறு ஓட்டை இருக்கும்.

இதையெல்லாம் தாண்டிச் சிறகு விரித்த ஒன்றுக்கு வெளியில் பூக்கள் காத்திருக்கின்றன, பூக்களில் நண்டுச் சிலந்தி. வலை பின்னாது. வெள்ளைப் பூவில் வெள்ளையாகவும், சில நாள் எடுத்துக்கொண்டு மஞ்சள் பூவில் மஞ்சளாகவும் மாறி, முன்கால்களை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கும். தேன் குடிக்கும் வண்ணத்துப்பூச்சி ரொம்ப நேரமாக ஒரே பூவில் ஆடாமல் இருந்தால் கிட்டப்போய்க் கீழே பாருங்கள். கும்பிடுபூச்சி தின்ற இடத்தில் சிறகுகள் மட்டும் உதிர்ந்து கிடக்கும். வலைச் சிலந்தியிடம் மாட்டினால் தப்பிக்கக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கிறது. சிறகில் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி இருக்கிறதே, அந்தச் செதில்கள் வலையின் பசையில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிடும், பூச்சி நழுவிப் பறந்துவிடும். 1964-இல் இதைச் சோதித்து எழுதியவரும் அதே ஐஸ்னர்தான்.

கரிச்சானும் பஞ்சுருட்டானும் பறக்கும்போதே பிடிக்கும். தப்பியதன் தழும்பைத் தோட்டத்தில் எளிதாகப் பார்க்கலாம். இரண்டு பின்சிறகுகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் முக்கோணமாகக் கிழிந்திருந்தால், சிறகு மூடி உட்கார்ந்திருந்தபோது அலகு கவ்விய இடம் அது. பெரும்பாலும் ஓரமாகவே கிழிந்திருக்கும், ஏனென்றால் கண்புள்ளிகளும் வால்களும் அங்கேதான் இருக்கின்றன. எலுமிச்சை நீலனின் உறவுக்காரர்கள் பலருக்குப் பின்சிறகு நுனியில் மெல்லிய வாலும் கரும்புள்ளியுமாக ஒரு பொய்த்தலை உண்டு. உட்கார்ந்ததும் சிறகைத் தேய்த்து அந்த வாலை உணர்கொம்பு மாதிரி ஆட்டும். கொத்துபவனுக்குத் தலை போகாது, சிறகின் ஓரத் துணுக்குதான் கிடைக்கும். புள்ளி, வால், பொடி, வாடை, எச்ச வேஷம் என்று நாம் ரசிக்கிற எதை எடுத்தாலும் அதில் பாதி, தின்ன வந்தவர்கள் செதுக்கியது.

வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று தோட்டம் போட்டுவிட்டு, குளவியைக் கண்டதும் மருந்து அடிப்பவர்களைப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. மாவுப்பூச்சிக்கு என்று அடித்தாலும் முதலில் சாவது இந்த அரை மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் குளவிகள்தான். மாவுப்பூச்சிக்கே கதை இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்டு, பப்பாளியிலிருந்து மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது எந்த மருந்துக்கும் சரியாக அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிதான் அதை அடக்கியது. கறிவேப்பிலையையே பயிராக வைத்திருக்கும் காரமடைப் பக்கத்து விவசாயிக்கு அழகியின் புழு ஒரு பூச்சித் தொல்லை, அவர் கணக்கு வேறு. வீட்டில் ஒரு செடி வைத்திருப்பவருக்கு நாலு இலை போனால் நஷ்டமில்லை. ஓரிரு புழுவைச் சல்லடை மூடிய டப்பாவில் வளர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதிலும் தப்பில்லை. எல்லாப் புழுவையும் காப்பாற்ற நினைத்தால் தையல்சிட்டுக் குஞ்சு பட்டினி கிடக்கும்.

கறிவேப்பிலை அழகியின் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்புச் சிறகு, பின்சிறகில் வெள்ளைப் பட்டை. பெண்களில் மூன்று உருவம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகி போல, மூன்றாவது சிவப்புடல் அழகி போல. அந்த இரண்டு அழகிகளும் ஆடுதின்னாப்பாளை, பெருமருந்துக் கொடி முதலியவற்றைத் தின்று வளர்ந்தவை, அவற்றின் நஞ்சு உடம்பில் உண்டு. ஒருமுறை தின்று பட்ட பறவை மறுபடி தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த பெண்ணிடம் நஞ்சு ஒன்றும் இல்லை, சிவப்புப் புள்ளிகளை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது. லின்னேயஸ் இந்த இனத்துக்கு 1758-இல் இரண்டு இனம் என்று நினைத்து இரண்டு பெயர் வைத்தார். எல்லாம் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்பதை 1865-இல் இயற்கையியலாளர் வாலஸ் எடுத்துச் சொன்னார். கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய சகாக்களும் 2014-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்த உருவ மாற்றம் முழுவதையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு நடத்துவதைக் காட்டியது.

வேஷம் அவ்வளவு நல்லதென்றால் எல்லாப் பெண்களும் ஏன் போட்டுக்கொள்ளவில்லை? போலிகள் பெருகினால் பறவைக்குச் சிவப்புப் புள்ளியில் ருசியான அனுபவமே அதிகம் கிடைக்கும், பயம் விட்டுப்போகும். அசல் நிறைய இருக்கும் இடத்தில்தான் நகல் செல்லும். இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஜப்பானின் தெற்கே ரியூக்யூ தீவுக்கூட்டத்தில் மியாகோ தீவு இருக்கிறது. அங்கே கறிவேப்பிலை அழகி முன்பே உண்டு, ரோஜா அழகி கிடையாது. பின்னாளில் ரோஜா அழகி அங்கே வந்து குடியேறிப் பெருகியது. அதற்குப் பிறகு சேகரிக்கப்பட்ட பூச்சிகளில், அதுவரை அரிதாக இருந்த சிவப்புப் புள்ளிப் பெண்களின் பங்கு ஏறத் தொடங்கியது.